திரையில் தெரியும் நிறம் தாளிலும் வர: மானிட்டரையும் பிரின்டரையும் பொருத்தும் முறை

திரையில் பளிச்சென்று இருந்த கல்யாணப் படம் தாளில் இருண்டு வருகிறது. அரக்குச் சேலை பழுப்பாகிவிடுகிறது, மணப்பெண்ணின் கன்னத்தில் லேசாகப் பச்சை ஓடுகிறது. உடனே பெரும்பாலோர் பிரின்டர் டிரைவரைத் திறந்து பிரைட்னஸைக் கூட்டி, மெஜந்தாவைக் கொஞ்சம் ஏற்றி, இன்னொரு தாளை விடுவார்கள். அந்தப் படத்துக்கு அது சரிப்பட்டாலும் படலாம். அடுத்த படத்துக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இங்கே சொல்லப்போவது ஆறு மை கொண்ட இங்க் டேங்க் போட்டோ பிரின்டர் வைத்திருப்பவருக்கானது: எப்சன் எல்8050, அதற்கு முந்தைய எல்805 போன்றவை. கேனனோ வேறு பிரின்டரோ என்றால் மெனு பெயர்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது. முதலில் வெளிச்சம், அடுத்து மானிட்டர், அதன் பிறகு பிரின்டர், கடைசியில்தான் படம். இதைத் தலைகீழாகச் செய்பவர் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடிக்கொண்டே இருப்பார்.

திரையும் தாளும் அச்சு அசலாக ஒன்றாக வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். சாதாரண ஐபிஎஸ் வகை மானிட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000:1. நல்ல கிளாஸி தாளில் அது 200:1 அளவில் நிற்கும், மேட் தாளில் 50:1 கூட எட்டாமல் போகலாம். நாம் தேடுவது, தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்தால் வெளிச்சமும் நிறமும் ஒரே படமாகத் தோன்றும் அளவு நெருக்கம்தான். அது கிடைக்கக்கூடிய ஒன்று.

படி 1: தாளைப் பார்க்கும் வெளிச்சம்

"பிரின்ட் கறுத்து வருகிறது" என்ற புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் பிரின்டர் அல்ல. கடையில் வாங்கிய மானிட்டர் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா (ஒளிர்வின் அலகு) வரை ஒளிரும்படி வருகிறது. அதன் அருகே தாளின் நிலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளின் மேல் விழும் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவை 0.9ஆல் பெருக்கி (வெள்ளைத் தாள் திருப்பித் தரும் பங்கு அது), 3.14ஆல் வகுத்தால் தாளின் ஒளிர்வு கேண்டெலாவில் வரும். இரவில் ட்யூப் லைட் எரியும் அறையில் மேசை மேல் 150 லக்ஸ் விழுந்தால் தாள் சுமார் 43 கேண்டெலாதான் ஒளிரும். பக்கத்தில் 300 கேண்டெலாவில் மானிட்டர். எந்தப் பிரின்டர் வந்தாலும் இந்தப் போட்டியில் தோற்கத்தான் செய்யும்.

எனவே தாளைப் பார்க்க ஓர் இடத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள். ஒரு டேபிள் லேம்ப் போதும். பல்பு 5000 கெல்வின் (ஒளியின் சாயலைக் காட்டும் எண், கூடினால் நீலம் ஏறும்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்) 95க்கு மேல். நம் ஊர் மின்சாதனக் கடையில் "வெள்ளை லைட்" என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் 6500 கெல்வின் கூல் டேலைட், சிஆர்ஐ 80 அளவுதான். அதன் கீழ் சிவப்புகள் உயிரில்லாமல் தெரியும். சிஆர்ஐ எண் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அச்சுத் துறைக்கான ஐஎஸ்ஓ 3664 தரம் நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸும், வீட்டுச் சுவரில் தொங்கும் நிலையை ஒத்த பார்வைக்கு 500 லக்ஸும் சொல்கிறது. மானிட்டர் அருகே வைத்துப் பார்க்க 350 முதல் 500 லக்ஸ் வசதியாக இருக்கும். போன் செயலியில் அளக்கலாம், தோராயமாக வந்தால் போதும். வெளிச்சம் தாளில் விழட்டும், திரையில் விழ வேண்டாம். மானிட்டருக்குப் பின்னால் பச்சையோ ஆரஞ்சோ அடித்த சுவர் இருந்தால் கண் ஏமாறும். சாம்பல் அல்லது மங்கலான வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டாலே சரியாகிவிடும்.

படி 2: மானிட்டர்

இதற்குத் திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் தேவை. கேலிபிரைட் டிஸ்ப்ளே வரிசை, டேட்டாகலர் ஸ்பைடர் வரிசை இரண்டும் இதற்கானவை. பழைய எக்ஸ்ரைட் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளோடு நன்றாக வேலை செய்யும். புதிய பிரின்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இந்தக் கருவியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

மானிட்டரை அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். விண்டோஸின் நைட் லைட், மேக்கின் ட்ரூ டோன், தானாக வெளிச்சம் மாற்றும் வசதி, எச்டிஆர், மானிட்டருக்குள்ளேயே இருக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் அளவீடு பொய். பிறகு மானிட்டரின் பட்டனை அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்து, நிற முறையை யூசர் அல்லது கஸ்டமுக்கு மாற்றுங்கள்.

மென்பொருளில் கொடுக்க வேண்டிய இலக்குகள்: ஒளிர்வு 100 கேண்டெலா, வெள்ளைப் புள்ளி (திரையின் வெள்ளையின் சாயல்) டி65, அதாவது சுமார் 6500 கெல்வின், காமா (நடுத்தர நிறங்களின் வெளிச்ச வளைவு) 2.2. பின்னொளி வகையைக் கேட்கும்போது சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண மானிட்டருக்கு ஒயிட் எல்இடி, அடோபி ஆர்ஜிபி (அகன்ற நிற எல்லை) அளவுக்கு நிறம் காட்டும் அகன்ற மானிட்டருக்கு அதற்குரியது. இதைத் தவறாகக் கொடுத்தால் அளவுகள் எல்லாம் பச்சையில் டிக் விழும், ஆனால் வெள்ளை மட்டும் ரோஸ் அடிக்கும்.

அளவீடு தொடங்கும் முன் பிரைட்னஸை மானிட்டரின் பட்டனிலேயே குறைத்து 100ஐ நெருங்குங்கள். சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் மானிட்டர் மெனுவிலேயே ஓரளவு சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் எல்லாத் திருத்தத்தையும் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் போட்டால் வானம் போன்ற மென்மையான பகுதிகளில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

முடிந்ததும் மென்பொருள் ஓர் ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது கருவி நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று விவரிக்கும் கோப்பை, சேமித்து விண்டோஸில் இயல்பு ப்ரொஃபைலாக வைக்கும். சரிபார்ப்பு அறிக்கையில் டெல்டா ஈ (வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாடு) சராசரி 1க்குக் கீழ், உச்சம் 3க்குக் கீழ் இருந்தால் போதும். திரை இப்போது மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். அது சரிதான். நீலம் ஏறிய வெள்ளைக்குப் பழகிய கண் அப்படிச் சொல்கிறது. ஒரு நாள் விடுங்கள்.

அடுத்து, பார்வை விளக்கின் கீழ் உங்கள் போட்டோ தாளில் வெறும் தாள் ஒன்றை வைத்து, திரையில் முழு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து இரண்டையும் பாருங்கள். திரை தாளைவிடப் பிரகாசமாக இருந்தால் 90, 80 என்று இறக்கி மறுபடி அளவீடு செய்யுங்கள். திரையின் வெள்ளை நீலமாகத் தெரிந்தால் வெள்ளைப் புள்ளியை 5800 கெல்வினுக்கும், அதுவும் போதாவிட்டால் 5500க்கும் கொண்டுவாருங்கள். எண் புனிதமானதல்ல, தாளோடு ஒத்துப்போவதே கணக்கு.

கருவி வாங்க வழியில்லை என்றால் மானிட்டரை எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் புழங்கும் சாதாரண நிற எல்லை) முறையில் வைத்து, மேலே சொன்ன வெள்ளைத் தாள் ஒப்பீட்டை மட்டும் செய்யுங்கள். நிறம் முழுதாகத் திருந்தாது. கறுத்து வரும் தொல்லை பெரிதும் போய்விடும்.

படி 3: பிரின்டரின் உடல்நிலை

நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) அச்சிடாமல் நிறத்தைப் பற்றிப் பேசுவது வீண். ஆறு நிறக் கோடுகளும் அறுபடாமல் இருக்க வேண்டும். லைட் மெஜந்தாவில் சில துளைகள் அடைத்திருந்தாலே முகத்தில் பச்சை ஓடும். சருமத்தின் வெளிர் பகுதிகளை அந்த மைதான் பெரும்பாலும் உருவாக்குகிறது. மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. போன் திரையில் முழு நீல நிறத்தைத் திறந்து இருட்டில் அந்த ஒளியைத் தாளில் காட்டுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குவதால் கோடுகள் கறுப்பாகத் தெரியும், எங்கே அறுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

அடைப்பு இருந்தால் ஹெட் கிளீனிங் இரண்டு முறை. அதற்கும் மசியாவிட்டால் இரவு முழுக்க அணைத்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். விடாமல் பத்து முறை கிளீனிங் போட்டால் மைதான் காலியாகி, கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேட் நிரம்பும்.

மை, தாள் இரண்டையும் இந்தக் கட்டத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு பிரின்டர் ப்ரொஃபைல் என்பது குறிப்பிட்ட பிரின்டர், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள், குறிப்பிட்ட டிரைவர் அமைப்பு என்ற நான்கின் கூட்டுக்கு மட்டுமே செல்லும். கம்பெனி மை தீர்ந்ததும் லிட்டர் பாட்டிலில் வரும் மலிவு மையை ஊற்றினால் அந்த நிமிடமே பழைய ப்ரொஃபைல் செல்லாக்காசு. ஊற்றக்கூடாது என்பதில்லை. ஊற்றினால் அந்த மைக்கு ப்ரொஃபைல் புதிதாகச் செய்தாக வேண்டும், அடுத்த முறையும் அதே மையையே வாங்க வேண்டும்.

படி 4: பிரின்டர் ப்ரொஃபைல்

இதற்கு மூன்று வழி. எப்சன் மை, எப்சன் தாள் இரண்டும் பயன்படுத்தினால் டிரைவரோடு வரும் ப்ரொஃபைலே நன்றாக இருக்கும். தாள் கம்பெனி தன் இணையதளத்தில் உங்கள் பிரின்டருக்கான ப்ரொஃபைல் கொடுத்திருந்தால் அதை இறக்கி, விண்டோஸில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் ப்ரொஃபைல் கொடுங்கள். அதோடு வரும் குறிப்பில் எந்த மீடியா டைப்பில் அந்த ப்ரொஃபைல் எடுக்கப்பட்டது என்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் ப்ரொஃபைலை மட்டும் எடுத்தால் பயனில்லை.

பெயர் தெரியாத 180 ஜிஎஸ்எம் கிளாஸி தாள், வெளி மை என்றால் நாமே செய்வது ஒன்றே வழி. அதற்குத் தாளில் உள்ள நிறத்தையும் அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் தேவை. மானிட்டர் அளக்கும் கலரிமீட்டர் தாளை அளக்காது. கலர்மங்கி போட்டோ, அதற்குப் பின் வந்த ஐ1 ஸ்டுடியோ, அதற்கடுத்த கலர்செக்கர் ஸ்டுடியோ ஆகியவை மானிட்டர், தாள் இரண்டையும் அளக்கும்.

முதல் வேலை சரியான மீடியா டைப்பைக் கண்டுபிடிப்பது. டிரைவரில் தேர்ந்தெடுக்கும் மீடியா டைப்தான் எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே படத்தை கிளாஸி, பிரீமியம் கிளாஸி, மேட் என்று மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளில் அச்சிடுங்கள். மை குளம்போல் தேங்கினால், கறுப்புப் பகுதியில் வெண்கலப் பளபளப்பு வந்தால், நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பானால் அந்த டைப் அதிகம். கறுப்பு சாம்பலாக நின்றால் குறைவு. அச்சாகும் பக்கத்தையும் கவனியுங்கள். ஈரமான விரல் லேசாக ஒட்டும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம்.

அடுத்து நிறக் கட்டங்கள் கொண்ட சார்ட்டை எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் அச்சிட வேண்டும். கருவியின் சொந்த மென்பொருளிலிருந்தே அச்சிட்டால் அது பார்த்துக்கொள்ளும். ஆர்கில்சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் வழியாகச் செய்பவர்கள் சார்ட் கோப்பை அடோபி கலர் பிரின்டர் யுடிலிட்டியில் திறந்து அச்சிடலாம். போட்டோஷாப் சிஎஸ்5 வந்த 2010இலிருந்து போட்டோஷாப்பில் நிற மேலாண்மை இல்லாமல் அச்சிடும் வசதி நீக்கப்பட்டதால்தான் இந்தத் தனி நிரல் வந்தது.

அச்சிட்ட சார்ட்டை உடனே அளக்காதீர்கள். கலர்மங்கி மென்பொருள் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும். இந்தப் பிரின்டர்களில் உள்ள டை மைக்கு (நீரில் கரைந்த சாய மை) அது போதாது. மையில் உள்ள ஈரம் வெளியேறும்வரை நிறம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் விடுங்கள், மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் இன்னும் சில மணி நேரம் கூட. விசிறிக்கு நேரே காட்ட வேண்டாம், தூசி ஒட்டும். அளக்கும்போது சார்ட்டின் அடியில் அதே வெள்ளைத் தாள் இரண்டை வையுங்கள், மேசையின் நிறம் ஊடுருவாது. கருவியை ஓரத்து வெள்ளையில் தொடங்கி, ஒரே வேகத்தில் இழுத்து, மறு ஓரத்து வெள்ளையில் முடியுங்கள். பாதியில் தயங்கினால் அந்த வரியைத் திரும்ப எடுங்கள். முதல் சார்ட்டில் 50 கட்டம், அதன் முடிவை வைத்து மென்பொருள் உருவாக்கும் இரண்டாவதில் இன்னொரு 50. ஆர்கில்சிஎம்எஸ்ஸில் சில நூறு கட்டங்கள் வரை போகலாம். கறுப்பு வெள்ளைப் படம் அதிகம் அச்சிடுபவருக்கு அந்த உழைப்பு வீண் போகாது.

ப்ரொஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது பிரின்டர், மை, தாள், மீடியா டைப், தேதி அனைத்தையும் அதில் போடுங்கள். "நியூ ப்ரொஃபைல் 2" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

படி 5: அச்சிடும் போது

போட்டோஷாப்பின் பிரின்ட் சன்னலில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் "போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்" கொடுத்து, பிரின்டர் ப்ரொஃபைலில் நாம் செய்ததைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பிரின்ட் செட்டிங்ஸ் வழியாக டிரைவருக்குள் போய், சார்ட் அச்சிட்டபோது கொடுத்த அதே மீடியா டைப், அதே குவாலிட்டி. கலர் கரெக்‌ஷனில் கஸ்டம், அதன் அட்வான்ஸ்டு பகுதியில் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்". டிரைவர் பதிப்புக்கேற்ப இது ஐசிஎம் பகுதிக்குள் "ஆஃப்" என்றும் இருக்கலாம். கேனனில் கலர் இன்டென்சிட்டியை மேனுவலாக்கி மேட்சிங்கில் "நன்". மேக்கில் போட்டோஷாப் பொறுப்பெடுத்ததும் டிரைவரின் கலர் மேட்சிங் தானாகவே மங்கி, தேர்ந்தெடுக்க முடியாமல் போய்விடும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். போட்டோஷாப்பும் டிரைவரும் ஆளுக்கொரு முறை திருத்தினால் படம் முழுக்க மெஜந்தா ஏறிக் கறுத்து வரும். இரண்டும் கைவிட்டால் நிறம் திரிந்து மங்கும். எப்போதும் ஒரே ஒருவர்தான் சமைக்க வேண்டும். அமைப்புகளை டிரைவரிலேயே தாளின் பெயரில் ப்ரீசெட்டாகச் சேமித்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

ரெண்டரிங் இன்டென்ட் (தாளுக்கு எட்டாத நிறங்களை எப்படி மாற்றுவது என்ற தேர்வு): முகங்கள் உள்ள படத்துக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் (படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்துவது) டிக் போட்டு. தாளால் காட்ட முடியாத அடர்நிறங்கள் பெரும்பகுதியை நிரப்பும் படத்துக்கு பெர்செப்சுவல் முயன்று பார்க்கலாம்.

படி 6: அச்சிடும் முன் திரையிலேயே பார்த்தல்

போட்டோஷாப்பில் வியூ, ப்ரூஃப் செட்டப், கஸ்டம் போய் அதே ப்ரொஃபைலையும் இன்டென்ட்டையும் கொடுங்கள். லைட்ரூமில் டெவலப் பகுதியில் எஸ் விசையை அழுத்தினால் போதும். "சிமுலேட் பேப்பர் கலர்" டிக் செய்தவுடன் படம் சாயம் போனதுபோல் தெரியும், பலர் பயந்து அணைத்துவிடுவார்கள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டிக் செய்யுங்கள். எஃப் விசையை அழுத்தி மெனுக்களை மறைத்துவிட்டு, அரை நிமிடம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். தாள் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், ஒய் சேர்த்து அழுத்தினால் தாளுக்கு எட்டாத நிறங்கள் சாம்பலாகக் காட்டப்படும். ராணி பிங்க் பட்டு, ரிசெப்ஷன் மேடையின் நீல எல்இடி வெளிச்சம் இரண்டும் இதில் கட்டாயம் மாட்டும். அந்த நீலம் தாளில் ஊதாவாகத் திரும்பி, மடிப்பும் நிழலும் இல்லாத ஒரே திட்டாக வரும். அந்த நிறத்தை மட்டும் ஹியூ சாச்சுரேஷனில் எடுத்து, செறிவை 15, 20 என்று குறைத்து, ஹியூவைச் சற்று சியான் பக்கம் நகர்த்துங்கள். மடிப்புகள் திரும்பத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எச்சரிக்கைச் சாம்பல் முழுதும் மறைய வேண்டும் என்று குறைத்துக்கொண்டே போனால் பட்டு பருத்தியாகிவிடும். இந்தத் திருத்தம் அந்தத் தாளுக்கானது மட்டும், எனவே தனி லேயரில் தாளின் பெயரோடு வைத்திருங்கள்.

லேபுக்கு அனுப்பினால்

12×18 ஆல்பம் பக்கங்கள் பெரும்பாலும் வெளி லேபில்தான் போகும். அங்கே உங்கள் பிரின்டர் ப்ரொஃபைலுக்கு வேலை இல்லை. கோப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலை உட்பொதித்து, 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600×5400 பிக்சல் ஜேபெக்காகக் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபியிலேயே கொடுத்து லேப் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் முகங்கள் வெளிறி, பட்டின் பளபளப்பு போய்விடும். ஆபரேட்டரிடம் "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அவர் தன் திரையைப் பார்த்துத் திருத்துவார். லேபிடம் ப்ரொஃபைல் இருந்தால் கேட்டு வாங்கி, திரையில் முன்கூட்டிப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அந்த ப்ரொஃபைலுக்குக் கோப்பை மாற்றி அனுப்ப லேபே சொன்னால் ஒழிய மாற்ற வேண்டாம்.

இன்னும் பொருந்தவில்லை என்றால்

சாம்பல் படம் மேசை விளக்கில் சாம்பலாகவும் ஹாலில் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தால் குற்றம் ப்ரொஃபைலில் இல்லை. மையும் ஒளியும் சேர்ந்து செய்யும் வேலை அது. படம் எங்கே தொங்கப்போகிறதோ அந்த விளக்கில் பார்த்து முடிவு செய்வதுதான் வழி. மிக வெண்மையான மலிவுத் தாள்களில் வெண்மையைக் கூட்டிக் காட்டும் ஒளிரூட்டிகள் கலந்திருக்கும். சன்னல் வெளிச்சத்தில் நீலம் அடித்து, கண்ணாடி ஃபிரேமுக்குள் போனதும் மஞ்சளாகும்.

நேற்று வரை பொருந்தியது இன்று பொருந்தாவிட்டால் முதலில் நாசில் செக், பிறகு மானிட்டர் ப்ரொஃபைல். கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகோ கணினி தூங்கி எழுந்த பிறகோ கேலிபரேஷன் ஏற்றப்படாமல் விட்டுப்போவது உண்டு. மானிட்டரை மாதம் ஒருமுறை அளவீடு செய்யுங்கள். பிரின்டர் ப்ரொஃபைலை மையோ தாளோ மாறும்போது மட்டும் மாற்றினால் போதும்.

எதையும் மாற்றாமல் வைத்திருக்க ஒரு சோதனைக் கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள். 0லிருந்து 255 வரை சாம்பல் படிக்கட்டு, மாநிறம், கருநிறம், சிவந்த நிறம் என மூன்று முகங்கள், ஒரு பட்டுச் சேலை, ஓர் ஆகாயம். எல்லாம் சரியாக வந்த அன்று அச்சிட்ட பிரதியில் தேதியும் தாளின் பெயரும் எழுதி, கறுப்பு உறைக்குள் அலமாரியில் வையுங்கள். டை மை வெயிலில் வெளுக்கும், சுவரில் ஒட்டிவைத்த பிரதி ஒப்பீட்டுக்கு உதவாது. புது பாட்டில் ஊற்றிய ஒவ்வொரு முறையும் அதே கோப்பை மறுபடி அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, பழையதன் பக்கத்தில் அதே விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். சாம்பல் படிக்கட்டில் நிறம் ஏறியிருந்தால் புதிய சார்ட் அச்சிட வேண்டியதுதான்.